கொக்கி எழுத்து

மண்ணடியில் நங்கூரச் சங்கிலி விற்கும் கடைக்கு மேல்
எட்டுக்குப் பத்து அறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
மின்விசிறியை நிறுத்தினால்தான் குரல் பதியும்.
நிறுத்தினால் பெலிசிட்டாவுக்கு வேர்வை கண்ணில் இறங்கும்.
ஒரு வரி, கொஞ்சம் காற்று.
ஒரு வரி, கொஞ்சம் காற்று.
ஒன்பது மாதத்தில் ஏழு பாட்டு.

குவைத்தில் பதினோரு வருஷம்
யார் வீட்டிலோ பாத்திரம் கழுவிக்கொண்டே கற்ற அரபு.
காசிமேட்டுக்குத் திரும்பியபோது
ஒரு மிக்சி, இரண்டு கம்பளி, அந்தத் தொண்டை.
இந்த வெக்கையில் கம்பளி எதுக்கு என்று
தெருவே கேட்டது.
தொண்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"ஆல்பம் போடணும்ணா" என்று வந்து நின்றாள்.
கானாவா, மாதா பாட்டா?
"அரபு. லவ் பாட்டு. ஆடுற மாதிரி."

வரிகள் மக்தூம் பாய்.
பகலெல்லாம் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கிளார்க்.
ரசீதுகளின் பின்பக்கத்தில்
வலமிருந்து இடமாக எழுதுவார்.
முன்பக்கம் நாற்பது டன் பேரீச்சம்பழம்,
பின்பக்கம் நீ வராத ராத்திரி.

அவளுக்கு அரபு பேச வரும், படிக்க வராது.
தமிழில் எழுதிக்கொண்டாள்.
நம்மிடம் இருப்பது ஒரே க.
அவர்களுக்கு அண்ணத்தில் ஒன்று,
தொண்டைக் குழியில் ஒன்று.
அடித்தொண்டையை இறுக்கிவிடும் இன்னோர் எழுத்துக்கு
நம் நெடுங்கணக்கில் இடமே இல்லை.
அது வரும் இடமெல்லாம்
அவள் ஒரு தூண்டில் கொக்கி வரைந்து வைத்தாள்.
பாய் தாளை வெகுநேரம் பார்த்தார்.
"அரபியிலயும் அது அப்படித்தாம்மா இருக்கும்."

என் கீபோர்டிலும் இதே வழக்கு.
அவள் பிடிக்கும் சுரம்
வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில்.
அங்கே தூசிதான் இருக்கிறது.
சக்கரத்தை விரலால் உருட்டி உருட்டி
அந்த இடுக்கில் போய் நின்றேன்.
"இன்னும் கொஞ்சம் கீழ. ஆங். அங்கயே நில்லு."

தாளத்துக்குத் தயாநிதி.
வியாசர்பாடியில் ஒரு சாவுக்கு அடித்துவிட்டு நேரே வந்தான்.
சட்டையில் சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது.
"இன்னா ஸ்பீடு? கல்யாணமா, சாவா?"
ரெண்டையும் அடி, பார்க்கலாம் என்றேன்.
சாவுக்குத்தான் கால் ஆடியது.

ஐந்தாம் பாட்டில் உற்றுக் கேட்டால்
ஒரு கப்பல் சங்கு இருக்கும்.
அழிக்கப் போனேன். சுருதியில் இருந்தது.
விட்டுவிட்டேன்.

வெளியீடு வியாழன் நள்ளிரவு.
மேடை இல்லை, சால்வை இல்லை, ஒரு படிவம்தான்.
மொழி? அரபு.
ஊர்? சென்னை.
உறுதியா என்று மறுபடி கேட்டது.
அழுத்தினேன்.
கீழே இழுத்து மூடிய ஷட்டரில் சாய்ந்து
நாலு பேரும் சுலைமானி குடித்தோம்.
கொசு கடித்தது.

மறுநாள் குவைத்திலிருந்து ஒரு குரல் செய்தி.
இவள் இடுப்பில் வைத்து வளர்த்த பெண்,
இப்போது கல்லூரியில்.
முதலில் சிரிப்பு, பிறகும் சிரிப்பு,
கடைசியில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
மூன்றாம் பாட்டு, இரண்டாம் சரணம்.
என் இதயம் உன் வாசலில் படுத்திருக்கிறது என்ற இடத்தில்
க குழியிலிருந்து நழுவி
அண்ணத்தில் பிறந்துவிட்டது.
இதயம் நாயாகிவிட்டது.

பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.
இறக்கிவிட்டுத் திருத்தி ஏற்றலாம், ஒரு மணி நேர வேலை என்றேன்.
பெலிசிட்டா மீன் ஏலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
"விடியக்கால லாஞ்சு கரைக்கு வரப்போ
மொத ஆளா வந்து நிக்கிறது யாரு, பொண்டாட்டியா?
நாய்தான்ணா.
இருக்கட்டும்."

இன்றுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு முறை
யாரோ கேட்டிருக்கிறார்கள்.
அதில் நாற்பது நான்.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் கேட்கிறேன்.